பழைய மெஸ் ஹாலை மாணவர் கூடமாக மாற்றுவது எப்படி? கடலூர், புதுச்சேரிக் கல்லூரிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கடலூரிலிருந்து காலாப்பட்டு வரை, முப்பது நாற்பது வயதான எந்தக் கல்லூரிக்குள் போனாலும் இப்படி ஒரு கட்டடம் இருக்கும். நீளமான ஹால், இரண்டு பக்கமும் ஜன்னல், ஒரு ஓரத்தில் கடப்பா கல் போட்ட பரிமாறும் மேடை, வெளியே வரிசையாகக் கை கழுவும் குழாய்கள். புது மெஸ் கட்டியதும் பழையது உடைந்த பெஞ்சுகளின் கிடங்காகிவிடும். பிறகு ஒரு நாள் முதல்வர், “இதை மாடர்னா ஏதாவது பண்ணலாமே” என்பார். மறுவாரமே கலர் நாற்காலி, கண்ணாடித் தடுப்பு, ஃபால்ஸ் சீலிங் என்று ஒரு கொட்டேஷன் வந்து நிற்கும்.

அதில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள். கடலூரில் ஒன்று, புதுச்சேரியில் இரண்டு என்று மூன்று பழைய மெஸ்களை மாற்றும் வேலையில் பொறியாளராக இருந்திருக்கிறேன். மெஸ்ஸுக்கு மாணவர்களை யாரும் இழுத்து வர வேண்டியதில்லை, அவர்களாகவே கூடுகிற இடம் அது. வெக்கை, இரைச்சல், பிசுபிசுப்பு, பூட்டு ஆகிய நான்கும்தான் அவர்களை அங்கிருந்து விரட்டுகின்றன. இந்த நான்கையும் எடுத்துவிட்டால் பாதிக்கு மேல் வேலை முடிந்தது. நாற்காலி எந்தக் கலர் என்பதைக் கடைசி மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு வாரம் சும்மா உட்காருங்கள்

ஹால் பூட்டிக் கிடந்தால் திறந்து கூட்டி, இருபது பெஞ்சு போட்டு, வாசலில் டீ விற்க ஒருவரை உட்கார வையுங்கள். ஒரு தாளில் ஹாலின் படத்தைக் கோடு போட்டு வரைந்துகொண்டு, மணிக்கு ஒரு தடவை யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று புள்ளி வையுங்கள். ஐந்தாவது நாள் அந்தத் தாளைப் பார்த்தால் உங்கள் கற்பனையில் இருந்த திட்டம் பாதி கலைந்துவிடும்.

கடலூர் ஹாலில் நடுவில் போட்ட பெஞ்சுகளில் ஒரு புள்ளிகூட விழவில்லை. எல்லாப் புள்ளியும் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த குட்டைச் சுவரில்தான். பகல் பன்னிரண்டு மணிவாக்கில் கடல் காற்று ஏறும்போது முதலில் வந்து மோதுகிற இடம் அது. அங்கேதான் போனில் சிக்னலும் கிடைத்தது. அந்தச் சுவரை இடித்துவிட்டுக் கண்ணாடி போடுவதாகத்தான் முதல் வரைபடத்தில் இருந்தது!

சர்வே படிவம் கொடுத்தால் ஜிம், ஏசி, கேமிங் ரூம் என்று எழுதித் தருவார்கள். அதை விட்டுவிட்டு, “நேற்று சாயங்காலம் அஞ்சுல இருந்து எட்டு வரைக்கும் எங்க இருந்தே?” என்று கேளுங்கள். அப்புறம் மெஸ்ஸில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். இருபது வருஷம் பரிமாறிய ஒரு அக்கா என்னிடம் சொன்னது: “பசங்க சாப்பிட்டு முடிச்சாலும் கெளம்ப மாட்டாங்க சார். ஃபேனை நிறுத்தினாத்தான் எழுந்திருப்பாங்க.” அந்த ஒரு பேச்சுதான் எங்களுக்குத் திட்ட அறிக்கை.

கம்பி எப்படி இருக்கிறது?

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். கடலோரக் கட்டடத்தில் பணமும் ஆபத்தும் இங்கேதான் இருக்கின்றன.

உப்புக் காற்றில் இருக்கிற குளோரைடு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அது விரியும்போது கம்பியை மூடியிருக்கிற கான்கிரீட் வெடித்து, சீலிங்கிலிருந்து பத்தை பத்தையாக விழும். அந்தக் காலத்தில் பல இடங்களில் உப்புக் கிணற்றுத் தண்ணீரிலேயே கான்கிரீட் கலந்தார்கள். அப்படிப்பட்ட கட்டடத்தில் உப்பு வெளியிலிருந்து வர வேண்டிய அவசியமே இல்லை, பிறக்கும்போதே உள்ளே இருக்கிறது.

முதல் சோதனையை உங்கள் வேதியியல் ஆய்வகமே செய்து தரும். பீனால்ப்தலீன் கரைசலை ஒரு ஸ்பிரே பாட்டிலில் வாங்கிக்கொள்ளுங்கள். தூணின் மூலையில் கொத்தனாரை விட்டு இரண்டு விரல் ஆழத்துக்குக் கொத்தச் சொல்லி, தூசியை ஊதிவிட்டு அடியுங்கள். நல்ல கான்கிரீட் காரத்தன்மையோடு இருக்கும், அடித்த உடனே அடர்ந்த ரோஜா நிறமாக மாறும். நிறம் மாறாத இடத்தில் காரம் செத்துவிட்டது, கம்பிக்கு இருந்த பாதுகாப்பும் போய்விட்டது. கடலூரில் ஒரு தூணில் வெளிப்பக்கம் மூன்று சென்டிமீட்டர் வரை வெறும் சாம்பல் நிறம், அதற்குள்ளே ரோஜா நிறம், இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்த மாதிரி எல்லை. கம்பி இருந்தது இரண்டரை சென்டிமீட்டரில். பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி, “கம்பி வெளியிலதான் நிக்குது சார்” என்றார். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் ரோஜா நிறம் வந்துவிட்டதே என்று நிம்மதியாகிவிட வேண்டாம். இந்தச் சோதனை காரத்தைக் காட்டுமே ஒழிய உப்பைக் காட்டாது. அதற்குத் துளை போட்டுத் தூள் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். புதிதாகப் போடும் கம்பிக் கான்கிரீட்டில் குளோரைடு ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோவைத் தாண்டக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456. உங்கள் பழைய தூணை அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நிலைமை புரிந்துவிடும். கான்கிரீட்டின் பலத்தைப் பார்க்கும் ரீபவுண்ட் ஹேமர், கம்பியில் துரு ஓடுகிறதா என்று பார்க்கும் ஹாஃப் செல் சோதனைகளையும் சேர்த்து, கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரின் கையெழுத்தோடு அறிக்கை வாங்குங்கள்.

பழுது பார்க்கும்போது மேலோட்டமாகப் பூசி மறைத்தால் இரண்டு மழைக்காலத்தில் திரும்பவும் விழும். முட்டுக் கொடுத்து, கம்பிக்குப் பின்பக்கம் விரல் போகிற அளவுக்குக் கொத்தி, துருவைச் சுரண்டி, கம்பி மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்து, துத்தநாகப் பிரைமர் அடித்து, பாலிமர் கலந்த கலவையாலோ மைக்ரோ கான்கிரீட்டாலோ நிரப்ப வேண்டும். உப்பு ஏறிய கட்டடத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒட்டுப் போட்ட இடம் நன்றாக இருக்கும், அதற்கு அக்கம்பக்கத்தில் துரு முன்பைவிட வேகமாகப் பிடிக்கும். அதைத் தடுக்க ஒட்டின் ஓரத்தில் துத்தநாகக் கட்டிகளைக் கம்பியோடு சேர்த்துக் கட்டுவார்கள். எஸ்டிமேட்டில் அது இருக்கிறதா பாருங்கள்.

புதிதாகப் போடும் தூண், சாய்தளம் எதுவானாலும் கடலோரத்துக்கு எம் 30 தரக் கான்கிரீட், கம்பிக்கு 45 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமன். “30 மி.மீ. போதும் சார், எப்பவும் அப்படித்தான் போடுறோம்” என்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

எப்போது தொடங்குவது, யாரிடம் கேட்பது

பொங்கல் முடிந்ததும் தொடங்குங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வருவதற்குள் கூரையும் ஜன்னலும் முடிந்திருக்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்ததை நேரில் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. எனக்குத் தெரிந்த ஒரு கூடத்தில் அதற்கு முந்தின மாதம்தான் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் போட்டு முடித்திருந்தார்கள். மேலே தண்ணீர் தேங்கி, அது தொட்டில் மாதிரி தொங்கியது.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டடத்தின் பயன்பாடு மாறுவதால் உள்ளூர்த் திட்டக் குழுமத்திடமும் தீயணைப்புத் துறையிடமும் போக வேண்டும். கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளும் பொருந்தும். அரசுக் கல்லூரி என்றால் வேலை பொதுப்பணித்துறை வழியாகத்தான் நடக்கும். ஆகவே நீங்கள் எடுத்த புள்ளித் தாளை முதல் கூட்டத்திலேயே அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். பிறகு கொடுத்தால் எஸ்டிமேட்டில் ஏறாது.

கூரையின் மேலே ஏறிப் பாருங்கள்

ஒழுகும்போதெல்லாம் பழைய தட்டோட்டின் மேலேயே இன்னொரு அடுக்கு போடுவது நம் ஊர் வழக்கம். ஒரு மூலையில் சதுரமாக வெட்டிப் பார்த்தால் மரத்தின் வளையம் மாதிரி அடுக்குகள் தெரியும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த மூன்று அங்குல அடுக்கு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 140 கிலோ வரும். 24 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் உள்ள ஹாலில் தேவையில்லாத ஒரே ஒரு அடுக்கு 33 டன். துருப்பிடித்த கம்பி அதையும் சுமந்துகொண்டு நிற்கிறது. ஆகவே முதலில் இறக்குங்கள், அப்புறம் புதிதாகப் போடுங்கள். சரிவு, மழைநீர்க் குழாய், அதன் வாயில் வலை ஆகிய மூன்றையும் சரிபாருங்கள். மேலே வெள்ளைப் பூச்சு அடித்தால் வெக்கை நன்றாகக் குறையும். ஆனால் பாசி படிந்தால் பலன் போய்விடும் என்பதால், மழைக்காலம் முடிந்ததும் வருஷம் ஒரு தடவை தேய்த்துக் கழுவ வேண்டும்.

கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் வேலையை அனுபவமுள்ளவர்களிடம் விடுங்கள். தண்ணீர் தெளித்து நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்கி, பிளாஸ்டிக்கில் சுற்றி அனுப்ப வேண்டும். தரமான சுவாசக் கவசம் கட்டாயம், முகத்தில் கட்டிய துண்டு போதாது. புதிதாக உலோக ஷீட் போடுகிறீர்கள் என்றால், காற்றழுத்தக் கணக்கில் புதுச்சேரிக்கு அடிப்படை வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். ஷீட்டைப் பிடித்து நிறுத்தும் ஜே போல்ட்டை எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

சமையல்கட்டு

பலரும் சமையல்கட்டுச் சுவரில் பட்டி பார்த்து பெயின்ட் அடித்துவிடுவார்கள். ஆறே மாதத்தில் அது அப்பளம் மாதிரி பொரிந்து உரியும். முப்பது வருஷத் தாளிப்பு சுவருக்குள் ஊறியிருக்கிறது. சலவை சோடா கரைத்த வெந்நீரில் இரண்டு தடவை தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. அந்தப் பூச்சைக் கொத்தி எடுத்துச் செங்கல் தெரியும்வரை போக வேண்டியதுதான்.

கேஸ் பைப் லைனை ஏஜென்சியை வைத்து முறையாகத் துண்டித்து, சான்று வாங்கிக்கொள்ளுங்கள். பழைய சாக்கடையில் பயன்படுத்தாத வழிகளை அடைத்துவிடுங்கள். தண்ணீர் போகாத டிராப் (நாற்றத்தைத் தடுக்கத் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு) காய்ந்துபோனால் நாற்றமும் கரப்பான்பூச்சியும் அது வழியாகத்தான் ஏறி வரும்.

புகைபோக்கியை இடிக்காதீர்கள். கரியைச் சுரண்டி, உச்சியில் மழை மூடியும் வலையும் போட்டால் ஹாலின் சூடான காற்று மேலே போக அதுவே வழி. செலவில்லாத எக்ஸாஸ்ட்.

தரையில் ஒரு சூட்சுமம். கழுவித் தள்ளுவதற்காக மெஸ் தரையைச் சரிவாகவே போட்டிருப்பார்கள். புது மேசையைக் கொண்டுவந்து போட்டதும் ஆடும். எல்லா மேசைக்கும் கீழே அட்டை மடித்து வைத்த ஒரு ‘நவீன’ கூடத்தை நான் பார்த்திருக்கிறேன். மரையைத் திருகி உயரம் சரிசெய்யும் கால்கள் உள்ள மேசையாக வாங்குங்கள். ரெட் ஆக்சைடு தரையாகவோ மொசைக்காகவோ இருந்தால் டைல்ஸ் ஒட்டாதீர்கள், பாலிஷ் போட்டால் போதும். மழைக்கால ஈரச் செருப்போடு வழவழப்பான டைல்ஸில் நடப்பதைவிட அது நல்லது.

காற்று

ஏசி கேட்பார்கள். சின்னதாக ஒரு அறைக்கு மட்டும் போடுங்கள், ஹாலுக்கு வேண்டாம். புதுச்சேரி ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியை அனுமதி கேட்டு ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து 1930களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கியது. வடக்கும் தெற்கும் சுவருக்குப் பதிலாகத் திருப்பக்கூடிய கிடைப் பலகைகள்தான். வெயில் உள்ளே வராது, காற்று நிற்காது.

உங்கள் ஹாலில் அவ்வளவு செய்ய முடியாது. ஜன்னலின் கீழ்ப்பகுதியைத் தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை இறக்கலாம். அப்போதுதான் உட்கார்ந்திருப்பவர் மேல் காற்று படும். எதிர்ச் சுவரில் மேலே வென்டிலேட்டர் திறந்திருக்க வேண்டும். வெளியே ஆழமான சன்ஷேடு வேண்டும். ஃபேனின் இறக்கை தரையிலிருந்து எட்டு ஒன்பது அடியில் சுற்றட்டும், 13 அடி சீலிங்கில் ஒட்டிக்கொண்டு சுற்றினால் பயனில்லை. பழைய ஃபேன் 75 வாட் எடுக்கும், பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டில் அதே வேலையைச் செய்யும்.

கிரில், கைப்பிடி, கீல் எல்லாம் ‘எஸ்.எஸ்.’ (துருப்பிடிக்காத எஃகு) என்று எழுதியிருந்தால் எந்த எஸ்.எஸ். என்று கேளுங்கள். 304 கடல் காற்றில் டீக்கறை மாதிரி பழுக்கும், 316 தாங்கும். கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டுவார். இரண்டிலும் காந்தம் ஒட்டாது, அதில் ஒன்றும் தெரியாது. மாலிப்டினம் சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டால் தெரிந்துவிடும்.

இரைச்சல்

காலி ஹாலின் நடுவில் நின்று கை தட்டுங்கள். ஒலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ணுங்கள். அந்த நேரம் = 0.161 × ஹாலின் கன அளவு ÷ ஒலியை உறிஞ்சும் பரப்பு. மேலே சொன்ன ஹாலை எடுத்துக்கொள்வோம். உயரம் 4 மீட்டர் என்றால் கன அளவு 960 கன மீட்டர். சிமெண்டும் கல்லும் மட்டும் என்றால் உறிஞ்சும் பரப்பு 22 சதுர மீட்டர்தான் தேறும். திறந்த ஜன்னல் 20 சதுர மீட்டரைச் சேர்த்தால் 42. அப்படியானால் ஒலி மூன்றரை நொடிக்கு மேல் நிற்கும். ஒரு தட்டு கீழே விழுந்தால் ஹால் முழுக்க அதிர்ந்தது இதனால்தான். படிக்கவும் பேசவும் ஒரு நொடி அளவுக்குள் வர வேண்டும், அதற்கு 155 சதுர மீட்டர் தேவை. ஐம்பது மாணவர்களே இருபது சதுர மீட்டர் உறிஞ்சிவிடுவார்கள். மீதிக்கு, இரண்டு அங்குல ராக்வுல்லை (கல்லிழைப் பஞ்சு) மரச் சட்டத்தில் அடைத்து, மேலே கதர்த் துணி இழுத்துக் கட்டிய பலகைகளைச் சீலிங்கில் தொங்கவிடுங்கள். சீலிங்கின் பாதியை மூடினால் கணக்கு சரியாகிவிடும். தனித்தனிப் பலகையாக இருப்பதால் ஒழுகினால் எங்கே என்று உடனே தெரியும், ஃபேனுக்கும் இடம் விடலாம். இதைக் கல்லூரி தச்சரே செய்துவிடுவார்.

ஒயரிங், வழி, கழிப்பறை

பழைய ஒயரிங்கை மொத்தமாக எடுத்துவிடுங்கள். ஈரமான இடத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்ததும் மின்சாரத்தை நிறுத்தும் கருவி) இல்லாமல் எதையும் இயக்காதீர்கள். உட்காரும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பிளக் வேண்டும், அதுவும் தரையில் இல்லாமல் மேசை உயரத்தில். வெள்ளம் பார்த்த ஊர் இது. சுவிட்ச் போர்டுகளும் இன்வெர்ட்டரும் இடுப்புக்கு மேலேயே இருக்கட்டும். படிக்கும் மேசையில் 300 லக்ஸ் வெளிச்சம் போதும், போனில் உள்ள செயலியை வைத்தே தோராயமாகப் பார்க்கலாம்.

மெஸ் வாசலில் எப்போதும் மூன்று படி இருக்கும். சாய்தளம் 1:12, அதாவது ஓரடி ஏற பன்னிரண்டு அடி நீளம். இடம் இல்லை என்று செங்குத்தாகப் போட்டால் பைக் ஏற்றத்தான் உதவும். கதவில் 90 செ.மீ. வழி, சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் இடமுள்ள கழிப்பறை ஒன்று. தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் ஏற்கெனவே இருக்கும் சமையல்கட்டுப் பக்கம்தான் அதற்குச் சரியான இடம். கை கழுவும் பதினைந்து குழாயில் மூன்றை வைத்துக்கொண்டு மீதியைக் கழற்றினால் அந்த மேடையே உட்காரும் திண்ணையாகிவிடும்.

பிரிப்பதும் டீயும்

சுவர் எழுப்பாதீர்கள். சத்தம் ஒரு முனையிலும் அமைதி மறுமுனையிலும் இருக்கட்டும். டீ, கேரம், அரட்டை பரிமாறும் மேடைப் பக்கம். நடுவில் குழுவாக உட்கார்ந்து வேலை செய்ய நீள மேசைகள். தூர முனையில் படிப்பவர்கள். டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறவர்கள் காலை ஆறு மணிக்கே வந்து நிற்பார்கள், அந்த முனைக்குத் தனிக் கதவு கொடுங்கள்.

கடப்பா மேடையை மட்டும் யார் சொன்னாலும் எடுக்காதீர்கள். கடலூரில் சாம்பார் வாளி இழுத்து இழுத்து அந்தக் கல்லில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. ஓரத்தில் எந்தக் காலத்து மாணவரோ சாவியால் கீறிய ‘மெஸ் பில் ஒழிக’. கிரானைட் போடலாம் என்றார் நிர்வாகத்தில் ஒருவர். பழைய மாணவர்கள் கூட்டத்தில் அந்தக் கல்லின் படத்தைப் போட்டோம். நாற்காலிகளுக்கான பணம் அங்கேயே வந்துவிட்டது.

அந்த மேடைக்குப் பின்னால் டீ இருக்கட்டும், மெஸ்ஸில் வேலை பார்த்த அக்காக்களில் விருப்பமுள்ளவர்களிடமே அதை ஒப்படையுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வாங்கிக் கொடுப்பது கல்லூரியின் பொறுப்பு. காபி இயந்திரத்தை வைத்துவிட்டு ஆளை நீக்கிய ஒரு இடத்தில், கப் தீர்ந்துபோனால் சொல்லக்கூட நாதியில்லை. ஆரோவில்லில் 15 மீட்டர் விட்டமுள்ள சூரியக் கிண்ணத்தைத் தலையில் வைத்திருக்கும் பொதுச் சமையலறைக்கு ஒரு மதியம் போய்ப் பாருங்கள். சாப்பிட வந்தவர்கள் சாப்பிட்ட பிறகு எங்கெங்கே நிற்கிறார்கள் என்று கவனியுங்கள்.

சாவி

எல்லாம் முடிந்து, ரிப்பன் வெட்டி, மறுநாள் மாலை ஐந்தே காலுக்கு வாட்ச்மேன் பூட்டிவிட்டுப் போய்விடுவார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்கு யாரும் எழுத்தில் ஒன்றும் கொடுக்கவில்லை. நேரத்தை முதல்வர் கையெழுத்தோடு சுற்றறிக்கையாகப் போடுங்கள். சாவி இரண்டு: ஒன்று வாட்ச்மேனிடம், ஒன்று மாணவர் குழுவிடம், கை மாறும்போது நோட்டில் கையெழுத்து. மாணவிகள் விடுதி ஆறரைக்கு மூடி, கூடம் ஒன்பதுக்கு மூடினால் நீங்கள் கட்டியது ஆண்கள் விடுதியின் இன்னொரு ஹால், அவ்வளவுதான். வார்டனிடம் அதைத் திறப்பு விழாவுக்கு முன்பே பேசி முடியுங்கள்.

முதல் ஆறு மாதம் எந்த மேசையையும் தரையோடு போல்ட் போட வேண்டாம். வாரம் ஒரு தடவை, ராத்திரி பூட்டும்போது மேசைகள் எங்கே நகர்ந்திருக்கின்றன என்று ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். கடலூரில் நாங்கள் கவனமாக வரிசையில் போட்டிருந்த எட்டு மேசைகளில் ஐந்து, மூன்றாவது வாரமே அந்தக் குட்டைச் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றன. ஃபேன் பாயின்ட் இரண்டை அங்கே மாற்றிக் கொடுத்தோம்.